தையல் ஆறும்வரை பூனைக்கு எதை அணிவிப்பது?

கருத்தடைச் சத்திரசிகிச்சைக்குப் பூனையைக் கொண்டு போக இருப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது சிகிச்சையைப் பற்றியன்று. அது முடிந்து வீட்டுக்கு வந்தபின் பூனையின் கழுத்தில் எதை மாட்டுவது என்பதைப் பற்றியே. வைத்தியர் தரும் பிளாஸ்ரிக் கூம்பைப் பார்த்தாலே மனம் இளகுகிறது என்கிறார்கள். இணையவழிக் கடைகளிலோ துணியால் தைத்த மென்மையான கூம்பும், காற்றடித்த வளையமும், கைக்குழந்தையின் சட்டை போன்ற உடற்சட்டையும் அழகான படங்களுடன் விற்பனைக்கு இருக்கின்றன. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் வீட்டில் இந்த நான்கையும் வெவ்வேறு பூனைகளுக்கு, வெவ்வேறு மாதங்களில் பயன்படுத்தியிருக்கிறோம். அவற்றுள் ஒன்றைத் தவறாகத் தெரிவு செய்ததால் ஒரு பூனை இரண்டாம் முறையும் மயக்க மருந்துக்கு உட்பட நேர்ந்தது. அந்த வருத்தம் இன்னும் ஆறாததால், கேட்பவர்களுக்கு வாயால் சொல்லி வந்ததை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

## நக்குவதை ஏன் தடுக்க வேண்டும்

பூனை நக்கினால் புண் தானாக ஆறிவிடும் என்ற நம்பிக்கை எங்கள் ஊரில் இன்னும் உறுதியாக இருக்கிறது. பூனையின் நாக்கு கையில் பட்டவர்களுக்கு அது அரம் போன்றது என்பது தெரியும். தொண்டையை நோக்கி வளைந்த நுண்ணிய முட்களே அந்தச் சொரசொரப்புக்குக் காரணம். எமது நகத்தில் இருக்கும் கெரட்டின் என்ற பொருளாலேயே அவையும் ஆனவை. மயிரைக் கோதுவதற்கு ஏற்ற அந்த முட்கள் தையல் நூலைக் கொக்கிபோலப் பிடித்து இழுக்கின்றன. ஒட்டத் தொடங்கிய தோலின் விளிம்பை உரசிப் பிரிக்கின்றன. வாயிலுள்ள கிருமிகளையும் காயத்துக்குள் சேர்க்கின்றன. முட்கள் பின்னோக்கி வளைந்திருப்பதால் வாய்க்குள் போன நூலைப் பூனையால் எளிதில் துப்பவும் முடியாது. விழுங்கிய நூல் குடலைச் சுருக்கி இழுத்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

பெட்டைப் பூனையின் கருத்தடைக் காயத்துக்குப் பொதுவாக 10 முதல் 14 நாள்கள் வரை காப்புத் தேவைப்படும். கடுவன் பூனைக்குச் செய்யப்படும் வெட்டுகள் மிகச் சிறியவை, பெரும்பாலும் தையலின்றியே விடப்படுபவை. ஆகையால் அதற்கு அவ்வளவு நாள்கள் வேண்டியதில்லை. எந்தக் காப்பைத் தெரிவு செய்தாலும் அத்தனை நாளும் இரவும் பகலும் பூனை அதனுடனேயே இருக்க வேண்டும் என்பதை மனத்தில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

## எவற்றைக் கொண்டு தீர்மானிப்பது

முதலாவதும் முதன்மையானதும் காயம் இருக்கும் இடம். கருத்தடைக்கான வெட்டைச் சில வைத்தியர்கள் வயிற்றின் நடுக்கோட்டிலும் சிலர் விலாவுக்குப் பின்னால் இடுப்புப் பக்கத்திலும் இடுவார்கள். குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும் பூனைக்குப் பக்கவெட்டை விரும்புவோர் உண்டு. பூனை தலையைச் சற்றுத் திருப்பினாலே நாக்கு பக்கவெட்டை எட்டிவிடும். எனவே சிகிச்சைக்கு முன்னரே எங்கே வெட்டப் போகிறார் என்று வைத்தியரிடம் கேட்டு வைப்பது நல்லது.

இரண்டாவது, அதை அணிந்தபடி பூனையால் உண்ணவும் குடிக்கவும் மணல் தட்டைப் பயன்படுத்தவும் முடிகிறதா என்பது. நாய் தாங்கும் அளவுக்குப் பூனை பட்டினியைத் தாங்காது. இரண்டு மூன்று நாள்கள் உணவின்றி இருந்தால், குறிப்பாகக் கொழுத்த பூனைகளில், உடற்கொழுப்பு ஈரலில் சேர்ந்து ஈரலே செயலிழக்கக் கூடும். காயத்தைக் காத்துச் சாப்பாட்டைத் தடுக்கும் காப்பு காப்பாகாது.

மூன்றாவது எங்கள் காலநிலை. வெளிநாட்டில் எழுதப்பட்ட ஆலோசனைகள் இதைத் தொடுவதேயில்லை. பூனைக்கு வியர்ப்பது பாதங்களில் மாத்திரமே. உடலை நக்கி, அந்த எச்சில் உலர்வதால் வரும் குளிர்ச்சியிலேயே அது வெப்பத்தைப் பெருமளவு தணித்துக்கொள்கிறது. நக்குவதைத் தடுக்கும்போது அந்த வழியையும் அடைத்துவிடுகிறோம். அதன்மேல் தடித்த துணியையும் போர்த்தினால், வைகாசி வெயிலில் ஓட்டு வீட்டுக்குள் அந்த உயிர் என்ன பாடுபடும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் வேறு தொல்லை. சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கழுவிய துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும்; கார்த்திகை, மார்கழியில் இரண்டு நாளானாலும் ஈரம் போகாது.

பூனையின் குணமும் வீட்டின் அமைப்பும் அடுத்து வருபவை. விலையைக் கடைசியாகவே பார்க்கலாம், ஏனெனில் கடையில் கொடுக்கும் விலையோடு செலவு முடிவதில்லை.

## பிளாஸ்ரிக் கூம்பு

முதலாம் எலிசபெத் காலத்து ஆங்கிலேயர் கழுத்தைச் சுற்றி அணிந்த மடிப்புத் துணியை ஒத்திருப்பதால் எலிசபெத்தியக் கழுத்துப்பட்டி என்று பெயர் பெற்றது இது. பார்வைக்குக் கொடுமையாகத் தோன்றினாலும் தடுக்க வேண்டியதை மற்ற எல்லாவற்றையும்விட உறுதியாகத் தடுக்கிறது. விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி 2 அல்லது 3 சென்ரிமீற்றர் நீண்டிருந்தால், எவ்வளவு வளைந்தாலும் நாக்கு காயத்தை எட்டாது. கண், காது, முகம் ஆகியவற்றில் காயமென்றால் இதற்கு மாற்றுக் கிடையாது. அங்கே வாயைவிடப் பின்காலே எதிரி, அதன் நகத்தை மறிக்க விறைப்பான சுவரே வேண்டும். எங்கள் கடுவன் சண்டையில் கண்ணைக் காயப்படுத்திக்கொண்டு வந்தபோது 9 நாள்கள் இதைத்தான் அணிவித்தோம். சவர்க்காரத் தண்ணீரில் கழுவித் துவாயால் துடைத்தால் உடனே மாட்டலாம். ஒளி ஊடுருவுவதால் பக்கப் பார்வையும் முற்றாக மறைவதில்லை.

குறைகளும் மெய்யானவை. கதிரைக் காலிலும் கதவு நிலையிலும் இடிக்கும் ஒவ்வொரு தடவையும் அதன் ஓசை பூனையின் காதருகே பெருகி ஒலிக்கிறது. உள்விளிம்பு கழுத்தை உரசிப் புண்ணாக்கலாம். அதற்குப் பழைய பருத்தித் துணியை மடித்து விளிம்பு முழுவதும் தைத்துவிட வேண்டும். 2020 ஆம் ஆண்டில் சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கூம்பு அணிந்த நாய், பூனைகளை வளர்ப்போர் 434 பேரிடம் கேட்டு வெளியிட்ட ஆய்வில், நான்கில் மூன்று பங்கினருக்கும் மேலானோர் தங்கள் பிராணியின் வாழ்க்கைத் தரம் அந்நாள்களில் தாழ்ந்தது என்றே சொன்னார்கள். ஆகவே மென்மையானதைத் தேடுவது வீணான செல்லம் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. தேடுவதில் நியாயம் இருக்கிறது.

கூம்பு கிடைக்காத அவசரத்தில் பழைய எக்ஸ்றே படத்தை வெட்டிச் செய்வது இங்கே பலரும் அறிந்த வழி. நாங்களும் ஒரு முறை செய்தோம். வெட்டிய விளிம்பு கத்திபோல இருக்கும் என்பதால் இரு விளிம்புகளையும் துணியால் மூடாமல் அதை அணிவிக்கவே கூடாது. படம் மெல்லியது, இரண்டு நாளில் மடிந்துவிடும். வேறொன்று வந்து சேரும்வரைக்குத்தான் அது உதவும்.

## மென்மையான துணிக்கூம்பு

கேட்பவர்களில் பெரும்பாலானோரின் விருப்பம் இதுவே. பூனை இதனுடன் சுருண்டு படுக்கும்; விளிம்பைத் தலையணையாக்கி உறங்கும்; இடித்தால் ஓசை வராது; சாப்பாட்டுத் தட்டின்மேல் விளிம்பு சற்று மடிந்து இடம் கொடுக்கும். அமைதியான பூனைக்கு, வயிற்றின் நடுவில் வெட்டு இருக்கும்போது, வீட்டில் பகலெல்லாம் யாராவது இருந்தால், நான் இதையே முதலில் சொல்வேன்.

ஆனால் தட்டின்மேல் மடிந்து கொடுக்கும் அதே விளிம்புதான் நள்ளிரவில் காயத்தின்மேலும் மடிந்து கொடுக்கிறது. எங்கள் சாம்பிக்குக் கருத்தடை செய்தது ஒரு கார்த்திகை மாதம். தடித்த பஞ்சு வைத்த துணிக்கூம்பொன்றை ஆசையோடு வாங்கி வைத்திருந்தோம். முதல் இரண்டு நாள்கள் எல்லாம் நன்றாகவே போயின. தண்ணீர்க் கிண்ணத்தில் ஒவ்வொரு முறையும் விளிம்பு தோய்ந்ததையும், பஞ்சு நனைந்து கனத்துத் தொய்ந்ததையும் பார்த்தோம். மழை ஓயாததால் கழற்றிக் கழுவிக் காய வைக்க வழி இருக்கவில்லை, மாற்றுக்கு இன்னொன்றும் இருக்கவில்லை. மூன்றாம் இரவு அந்தத் தொய்ந்த விளிம்பைப் பின்புறமாக மடித்துவிட்டு இரண்டு தையல்களைப் பிரித்துவிட்டது. மறுநாள் காலை மீண்டும் மயக்கம், மீண்டும் தையல், மீண்டும் 12 நாள்கள். அந்த இரண்டாம் தையலுக்குக் கொடுத்த பணத்தில் இன்னும் இரண்டு மூன்று கூம்புகள் வாங்கியிருக்கலாம். பணத்தைவிட, ஆறத் தொடங்கிய உடலை மறுபடியும் நோகச் செய்ததுதான் எங்களுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

அதன் பின்னர் துணிக்கூம்பை வாங்கும்போது நான் பார்ப்பவை இவை. விளிம்பைக் கையால் பின்னோக்கி அழுத்தினால் இலேசாக மடிந்து போகுமாயின் அதை வாங்குவதில்லை. பூனையின் முன்கால் என் கையைவிட விடாப்பிடியானது. முழுவதும் பஞ்சு நிரப்பியதைவிட, மெல்லிய நைலோன் துணிக்குள் பிளாஸ்ரிக் ஈர்க்குகள் வைத்துத் தைத்தது தண்ணீரைக் குடிக்காது, விறைப்பும் குறையாது, விரைவாகக் காயும். கழுத்து அளவைத் துணி நாடாவால் எடுத்து, மாட்டியபின் இரண்டு விரல்கள் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கழுத்தடியிலிருந்து மூக்கு நுனிவரையுள்ள நீளத்தையும் அளக்க வேண்டும். விற்பனைக்கு வருபவற்றில் பல சிறு நாய்களின் அளவுக்குச் செய்தவை, கழுத்து பொருந்தினாலும் நீளம் பொருந்தாது. இறுக்குவதற்கான கயிற்றின் நுனியை வெளியே தொங்க விடவே கூடாது. பூனை அதைக் கடித்து விழுங்கினால், நூலைப் பற்றி மேலே சொன்ன ஆபத்து அப்படியே இதற்கும் பொருந்தும். வெல்க்ரோவில் மயிர் சேரச் சேரப் பிடிப்புத் தளரும். இரண்டு நாளுக்கொரு முறை பழைய பல்துலக்கியால் அதைச் சுத்தம் செய்ய வேண்டும்.

இதன் மறைவான செலவு இப்போது தெளிவாகியிருக்கும். துணிக்கூம்பு ஒன்றின் விலை, உண்மையில் இரண்டின் விலை. சூடை மீனின் வாடை ஏறிய துணிக்கு எறும்பு வரும். ஈரமும் அழுக்கும் சேர்ந்தால் காயத்தைத் தேடி இலையான் வரும், அது முட்டையிட்டால் புழு வைக்கும். நாளுக்கொன்று கழுவி மற்றொன்றை மாட்டும் ஒழுங்கு இல்லாத வீட்டுக்கு, அதுவும் மாரிகாலத்தில், இந்த மென்மை பொருந்தாது. மேலும் துணி ஒளியை முற்றாக மறைப்பதால் சில பூனைகள் சுவரோரம் ஒண்டி அசையாமல் இருந்துவிடும். பழகிய ஒரே அறையில் தட்டையும் தண்ணீரையும் மணலையும் கிட்டக்கிட்ட வைத்தால் அந்தப் பயம் ஓரிரு நாளில் குறையும்.

## காற்றடித்த வளையம்

கழுத்தைச் சுற்றி மிதவைபோல இருக்கும் இந்த வளையத்துடன் பூனை தாராளமாகப் பார்க்கும், உண்ணும், உறங்கும். விற்பனைப் படங்களில் மிக அழகாக இருப்பதும் இதுவே. ஆனால் பூனையின் முதுகெலும்பு வளையும் அளவுக்கு எதிரே இது பெரும்பாலும் பயனற்றது. வளையத்துக்கு மேலாக எட்டி இடுப்புப் பக்கத்தையும் பின்காலையும் வாலையும் பூனை நக்கிவிடும். வயிற்றையும் பல பூனைகள் எட்டிவிடும். முகத்துக்கு இது எந்தக் காப்பும் தருவதில்லை. நகம் பட்டால் காற்று மெல்ல இறங்கும், இரவில் அது எமக்குத் தெரியாது. நெஞ்சிலோ தோளிலோ சிறு காயம் உள்ள, வளைந்து கொடுக்காத வயதான பூனைக்கு வாங்கலாம். கருத்தடைக்கென்று நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

## உடற்சட்டை

தலையில் எதுவும் இல்லை என்பதே இதன் பெரிய நன்மை. நான்கு கால்களும் நுழையும்படி தைத்த மெல்லிய பருத்திச் சட்டை வயிற்று வெட்டையும் பக்கவெட்டையும் சேர்த்து மூடுகிறது. வீட்டில் வேறு பூனைகள் இருந்தால் இதற்கு இன்னொரு சிறப்பு உண்டு: கூம்பு அணிந்த பூனை தன் காயத்தை நக்காதுதான், ஆனால் அதன் கூட்டாளி வந்து நக்குவதைக் கூம்பு தடுக்காது, சட்டை ஓரளவு தடுக்கும். பால் மறக்காத குட்டிகள் வயிற்றைத் தேடி வரும் வீடுகளிலும் இந்தக் கேள்வி எழுகிறது. அவற்றைப் பிரித்து வைப்பதா, பக்கவெட்டானால் குறிப்பிட்ட நேரங்களில் சட்டையைக் கழற்றிப் பால் கொடுக்க விடுவதா என்பதை வைத்தியரிடம் கேட்டே செய்ய வேண்டும்.

எங்கள் அனுபவத்தில் இதன் எதிரி வெயில். வைகாசி மாதத்தில் அயல்வீட்டு அக்காவின் பூனைக்கு நானே பழைய ரீசேட்டின் கையை வெட்டிச் சட்டை தைத்துக் கொடுத்தேன். நண்பகலில் அது வாயைத் திறந்து மூச்சு வாங்குவதாக அக்கா பதறி வந்து சொன்னார். வாய் திறந்து மூச்சு வாங்குவது பூனையில் வழமையன்று, அது ஓர் அபாய அறிகுறி. உடனே சட்டையைக் கழற்றி, குளிர்ந்த சீமெந்துத் தரையில் மின்விசிறியின் கீழ் வைத்த பின்னரே அது தெளிந்தது. அதற்குப் பிறகு பகலில் கூம்பும் இரவில் சட்டையுமாக மாற்றி மாற்றி அணிவித்தோம், அது நன்றாகவே நடந்தது.

சட்டையின் பின்பகுதி சிறுநீரில் நனையாதபடி போதிய அளவு வெட்டப்பட்டிருக்கிறதா என்று முதல் நாளே பார்க்க வேண்டும். சில பூனைகள் சட்டையை மாட்டியதும் பக்கவாட்டில் சரிந்து விழுந்து எழும்ப மறுக்கும். அரை நாள் பொறுத்தும் மாறாவிட்டால் விட்டுவிட வேண்டியதுதான். விடாமல் நக்கும் பூனை துணியின் மேலாகவே நக்கிக் காயத்தை ஈரமாக வைத்திருக்கும். சட்டை காயத்தை மறைப்பதால், நாளுக்கு இரு தடவை அவிழ்த்துப் பார்க்கும் பொறுமை வீட்டாருக்கு இருக்க வேண்டும்.

## காயத்தின் இடத்தை வைத்துப் பார்த்தால்

| காயம் இருக்கும் இடம் | முதல் தெரிவு | அது ஒத்துவராவிட்டால் | தவிர்க்க வேண்டியது |
|---|---|---|---|
| வயிற்றின் நடுவெட்டு | விறைப்பான துணிக்கூம்பு, இரண்டு | உடற்சட்டை. மாரியில் பிளாஸ்ரிக் கூம்பு | வளையம் |
| பக்கவெட்டு | உடற்சட்டை; கோடையில் பகலில் கூம்பு | பிளாஸ்ரிக் கூம்பு | வளையம் |
| கடுவனின் கருத்தடை | துணிக்கூம்பு | பிளாஸ்ரிக் கூம்பு | உடற்சட்டை, வளையம் |
| கண், காது, முகம் | பிளாஸ்ரிக் கூம்பு | வைத்தியரின் அறிவுரை | மற்ற மூன்றும் |
| பின்கால், வால் | நீளமான பிளாஸ்ரிக் கூம்பு | வைத்தியரின் அறிவுரை | வளையம் |

## எதை வாங்கினாலும்

சிகிச்சைக்கு முன்னரே வாங்கி வீட்டில் வைத்திருங்கள். கொழும்பிலிருந்து கூரியரில் வரும் பொதி சொன்ன நாளில் வராமல் போகலாம். மயக்கம் தெளிந்த பூனை அதுவரை காத்திராது. முன்னதாக இரண்டொரு நாள் சில நிமிடங்கள் மாட்டி, பிடித்த மீன்துண்டொன்றைக் கொடுத்துப் பழக்கினால் பிறகு போராட்டம் குறையும். தட்டையான கிண்ணத்தில், ஒரு கட்டையின்மேல் சற்று உயர்த்தி வைத்து உணவு கொடுங்கள். அப்படியும் உண்ணாவிட்டால் உண்ணும் நேரத்துக்கு மாத்திரம் கழற்றி, பக்கத்திலேயே இருந்து, முடிந்ததும் மாட்டிவிடுங்கள். ஒரு நாள் முழுவதும் எதுவும் உண்ணாவிட்டாலோ, காயம் வீங்கினாலோ, நீர் வடிந்தாலோ, நாற்றம் வந்தாலோ வைத்தியரிடம் போக வேண்டும்.

பாவம் என்று இரவில் கழற்றிவிடுபவர்களைப் பலமுறை கண்டிருக்கிறேன். அவர்களின் இரக்கத்தை நான் குறைத்து எண்ணவில்லை, ஆனால் நாம் உறங்கும் அந்தச் சில மணி நேரந்தான் பூனைக்கு ஒரு தையலைப் பிரிக்கப் போதுமான நேரம். நோவினால் நக்குகிறது என்று எண்ணி வீட்டிலிருக்கும் பனடோலில் சிறிது கொடுப்பவர்களும் உண்டு. அதிலுள்ள பரசிற்றமோல் பூனைக்கு நஞ்சு. அதன் ஈரலால் அதை முறித்து வெளியேற்ற முடியாது. ஒரு குளிசையே உயிரைப் பறிக்கும். நோவுக்கான மருந்து வைத்தியரிடமிருந்து மாத்திரமே வர வேண்டும்.

எந்தக் காப்பை அணிந்திருந்தாலும் பூனையை வெளியே விடாதீர்கள். யாழ்ப்பாணத்து வளவுகளில் கட்டுக் குறைந்த கிணறுகளும் முட்கம்பி வேலிகளும் இன்னும் இருக்கின்றன. கூம்பு அணிந்த பூனை மதிலின் தூரத்தைத் தவறாகக் கணிக்கும், வேலியில் மாட்டிக்கொண்டால் பின்வாங்கவும் முடியாது. வளவுக்கு வந்து போகும் சொந்தமில்லாத பூனைக்குக் கருத்தடை செய்விப்பவர்கள் இதே காரணத்தால் காப்பு எதையும் மாட்டி வெளியே விடக் கூடாது. அவற்றுக்குத் தோலுக்குள் மறைந்து தானாகக் கரையும் தையலைப் போடும்படி வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்கலாம்.

வைத்தியர் காயத்தைப் பார்த்துச் சரியென்று சொன்ன பின்னரும், கழற்றும் முதல் நாள் கண்காணிப்பு வேண்டும். 3 நாள்கள் கூம்பு அணிந்திருந்த பூனைகள் அதைக் கழற்றிய முதல் 12 மணி நேரத்தில் வழமையைவிட மிக அதிகமாகத் தம்மை நக்கின என்று 2000 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இழந்த நாள்களையெல்லாம் அவை ஈடு செய்கின்றன. சாம்பி, கூம்பைக் கழற்றிய அன்று, விறாந்தையில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் கழுத்தையும் தோளையும் வாலையும் கோதிக்கொண்டிருந்தது. நாக்கு வயிற்றுப் பக்கம் போன ஒவ்வொரு முறையும் நான் கையை இடையே வைத்து மறித்தேன். பின்னேரம் அது களைத்து உறங்கிய பிறகே எழுந்து போனேன்.